நல்லா இருன்னு சொல்ல யாருக்கு உரிமை?

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.]

இந்த வாரம் நான் மட்டும்தான். கெஸ்ட் யாரும் இல்லை. தருமபுரியில் எங்க வீட்டு மாடியில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். அதனால நடுவுல ஹைவேல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

இன்னைக்குப் பேசப்போறது ஒரு ஆசீர்வாதத்தைப் பத்தி. எபிரேய மொழியில் மொத்தம் 15 சொல். யூதர்களோட வேதத்தில், எண்ணாகமம் என்கிற புத்தகத்தில், ஆறாவது அதிகாரத்தில் வருது. ஆரோன் என்கிற பூசாரியும் அவரோட பிள்ளைகளும் மக்களை எப்படி வாழ்த்தணும்னு சொல்லிக்கொடுக்கிற இடம். சர்ச்சுக்குப் போற வீட்டில் பிறந்தவங்களுக்கு இது மனப்பாடமா தெரிஞ்சிருக்கும். ஆராதனை முடியும்போது பாஸ்டர் ரெண்டு கையையும் தூக்கிச் சொல்வாரே, அதுதான். மத்தவங்களுக்கு அதோட சாரத்தை மட்டும் சொல்லிடறேன். மூணே வரி. முதல் வரி, ஆசியும் காவலும் கேட்குது. ரெண்டாவது வரி, கடவுளோட முகம் உன் மேல வெளிச்சமா விழணும், அவர் கருணை காட்டணும்னு கேட்குது. மூணாவது வரி, அவர் தன் முகத்தை உன் பக்கமா உயர்த்தணும், சமாதானம் தரணும்னு முடியுது.

எனக்கு இதில் ஏன் ஆர்வம் வந்துச்சுன்னா, என் ஆயாவால்.

எனக்குக் கல்யாணம் ஆனது 2018-ல். பொண்ணு வீடு சர்ச்சுக்குப் போற வீடு. எங்க வீடு அப்படி இல்லை. அதைவிட முக்கியமா, அவங்க வேற சாதி. தருமபுரின்னு சொன்னா உங்களுக்கு ஒகேனக்கல் ஞாபகம் வரும். எங்களுக்கு 2012 நவம்பர் மாசமும் ஞாபகம் வரும். ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கா வெச்சு நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர்னு மூணு தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினாங்க. அப்போ நான் காலேஜ்ல இருந்தேன். ஆறு வருஷம் கழிச்சு அதே மாவட்டத்துல நானும் அவளும் கல்யாணம் பண்ணிக்கிறோம்னு சொன்னப்போ, ரெண்டு வீட்டுலயும் முதல்ல வந்தது கோபம் இல்லை, பயம்தான். எங்க அப்பாவுக்கு அந்தப் பயம் போனதும் கோபம் வந்துச்சு. அது மட்டும் போகவே இல்லை.

சின்ன சர்ச். அறுபது பேர் இருந்திருப்பாங்க. என் பக்கத்துல இருந்து வந்தது ஆயா, ஒரு மாமா, ரெண்டு ஃப்ரெண்ட்ஸ். அப்பா வரலைன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். பாஸ்டர் கையைத் தூக்கி அந்த மூணு வரியைச் சொல்லும்போது ஜன்னல் வழியா பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரம். அதுக்குக் கீழ பைக்கை நிறுத்தி, சர்ச்சுக்கு முதுகு காட்டி அப்பா நின்னுட்டு இருந்தார். பாட்டு முடிஞ்சு வெளிய வந்து பார்த்தா ஆள் இல்லை.

ஆயாதான் எங்க ரெண்டு பேர் தலையிலும் கை வெச்சு ‘நல்லா இரு சாமி’ன்னு சொன்னது. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட கேட்டுச்சு: ‘அந்த ஐயா கையைத் தூக்கி என்னமோ சொன்னாரே, அது என்ன? காப்பாத்துன்னு சொன்னாரா?’ ஆமா ஆயான்னு சொன்னேன். ‘குடுன்னு கேட்கிறதைவிட காப்பாத்துன்னு கேட்கிறதுதான் பெரிசு’ன்னு சொல்லிட்டு வெத்தலையை எடுத்துக்கிச்சு.

அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு, பெங்களூர்ல ராத்திரி ஷிஃப்டுல சும்மா படிச்சுட்டு இருந்தப்போ, ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முன்னாடி யூத ரப்பிகள் இதே கேள்வியைத்தான் பேசியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அங்க இருந்து ஆரம்பிச்ச பைத்தியம் இது.

ரப்பின்னா யாரு? பூசாரி இல்லை. ஆசிரியர், வேதத்தைப் படிச்சு விளக்கம் சொல்றவர். கி.பி. 70-ல் ரோமானியர்கள் எருசலேம் கோயிலை இடிச்சாங்க. பலி கொடுக்க இடம் இல்லை, பூசாரிக்கு வேலை இல்லை. கோயிலோட சேர்ந்து ஏகப்பட்ட சடங்கு நின்னு போச்சு. இந்த ஆசீர்வாதம் மட்டும் நிற்கலை. கோயிலை விட்டுக் கிளம்பி ஜெபக்கூடத்துக்குள்ள வந்துடுச்சு. ஆரோன் வம்சம்னு சொல்லிக்கிற கோஹேன்கள் இன்னைக்கும் செருப்பைக் கழட்டிட்டு, கையைக் கழுவிட்டு, சால்வையைத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு, அந்த 15 சொல்லையும் சொல்றாங்க. ரப்பிகளோட வேலை ஒவ்வொரு சொல்லையும் பிடிச்சு உலுக்குறது. ஒரு சொல் கூடுதலா இருந்தா, அது ஏன் இங்க இருக்குன்னு கேட்காம விட மாட்டாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இதை உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலை.

1979-ல் எருசலேம் பழைய நகரத்துக்குத் தென்மேற்கே, கெத்தேஃப் ஹின்னோம் என்கிற இடத்தில், காபிரியேல் பார்காய் என்கிற தொல்லியல் ஆய்வாளர் பழைய கல்லறைக் குகைகளைத் தோண்டினார். அங்க கிடைச்ச பொருள்களில் ரெண்டு குட்டி வெள்ளிச் சுருள். சிகரெட் மாதிரி சுருட்டி வெச்சது. பிரிச்சா உடைஞ்சு போகும். அதனால அதைப் பிரிக்கவே மூணு வருஷம் ஆச்சு. பெரிய சுருள் விரிச்சா கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் நீளம். சின்னது 4 சென்டிமீட்டர்கூட இல்லை. உள்ளே ஊசி முனையால் கீறின மாதிரி எழுத்து. படிச்சுப் பார்த்தா, இந்த ஆசீர்வாதத்தோட வரிகள். காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டு கடைசி, அல்லது ஆறாம் நூற்றாண்டு ஆரம்பம். சாக்கடல் சுருள்களைவிட சில நூறு வருஷம் பழசு. பைபிள் வாசகம்னு இதுவரை கிடைச்சதிலேயே மூத்தது இதுதான்.

வெள்ளித் தகடு, மந்திரம் எழுதி, சுருட்டி, கழுத்தில் கட்டிக்கிறது. நம்ம ஊரில் இதுக்குப் பேர் என்ன? தாயத்து! தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்னு பத்துக் குழந்தைகளைப் பாருங்க, நாலு கழுத்தில் இருக்கும். எவனோ ஒருத்தன் 2,600 வருஷத்துக்கு முன்னாடி எருசலேமில் அதையே கட்டிட்டு, அதோடவே புதைக்கப்பட்டிருக்கான். இந்த ஆசீர்வாதம் கூட்டத்துக்கு மட்டும் சொன்னது இல்லைன்னு இதில் தெரியுது. தனி ஆள், தன் உடம்போட வெச்சுக்கிட்டது.

சரி, ரப்பிகள்கிட்ட வருவோம்.

முதல் வரியில் அவங்க கேட்ட கேள்வி: ஆசி குடுத்தா போதாதா, ‘காக்க’ன்னு ஏன் தனியா? ஏறக்குறைய மூணாம் நூற்றாண்டுல தொகுத்த சிஃப்ரே என்கிற விளக்க நூல் இதுக்கு ஒரே பதில் சொல்றதில்லை. வரிசையா அடுக்குது. ஆசின்னா சொத்து, காவல்னா அந்தச் சொத்துக்குக் காவல். இல்லைன்னா, தீய ஆவிகள்கிட்ட இருந்து காவல். இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்னு விட்டுடறாங்க. ஒரு விளக்கம் இன்னொண்ணை அடிக்கிறதில்லை.

இதுக்கு ஒரு கதை உண்டு. எண்ணாகமத்துக்கான மித்ராஷ் தொகுப்பில் வருது. ரோமில் ஒரு ராஜா. அவருக்கு சிரியாவில் ஒரு வேண்டியவன். ராஜா அவனைக் கூப்பிட்டு நூறு ராத்தல் தங்கம் குடுத்து அனுப்புறார். வழியில் கொள்ளைக்காரங்க மொத்தத்தையும் பிடுங்கிட்டுப் போயிடறாங்க. ராஜாவால் குடுக்க முடிஞ்சுது, வழியில் காக்க முடியலை. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியும் இதையே சுருக்கிச் சொல்றார்: மனுஷன் குடுக்கிற பரிசு வேற, காவல் வேற. ரெண்டையும் சேர்த்துச் செய்ய ஒருத்தரால்தான் முடியும்.

என் மாமா லாரி டிரைவர். தொப்பூர் கணவாய் இறங்கறதுக்கு முன்னாடி வண்டியை ஓரம் கட்டி, கற்பூரம் கொளுத்தி, அப்புறம்தான் கியரைக் குறைப்பார். அந்த இறக்கத்தில் எத்தனை வண்டி பிரேக் பிடிக்காம போயிருக்குன்னு நியூஸ்ல நீங்களே பார்த்திருப்பீங்க. மாமாகிட்ட லோடு ஏத்தினவன் ‘நல்லா சம்பாதி’ன்னு சொல்லி அனுப்பலாம். கணவாயில் அந்த வாழ்த்து ஒண்ணும் பண்ணாது. அங்க வேற ஒண்ணு வேணும். ஆயா சொன்னது அதைத்தான்னு நினைக்கிறேன்.

இன்னும் பழைய கதை ஒண்ணு நம்ம ஊர்லயே இருக்கு. தருமபுரிக்குப் பழைய பேர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் தனக்குக் கிடைச்ச அரிய நெல்லிக்கனியைத் தான் சாப்பிடாம ஔவைக்குக் குடுத்தான், அதுக்கு ஔவை அவனை சாகாம இருக்கணும்னு வாழ்த்திப் பாடினது புறநானூறுல இருக்கு. இதை எல்லாரும் ஸ்கூலில் படிச்சிருக்கோம். ஸ்கூலில் அவ்வளவா சொல்லாத பாதி என்னன்னா, வாழ்த்து பலிக்கலை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழிச்சான். அதியமான் செத்ததும் ஔவை பாடின கையறுநிலைப் பாட்டும் அதே புறநானூறுலதான் இருக்கு. வாழ்த்தினவளே ஒப்பாரியும் பாடறா. இதைத் தொகுத்தவங்க முதல் பாட்டைத் தூக்கிப் போட்டிருக்கலாம், பொய்யாப் போன வாழ்த்துதானேன்னு. தூக்கிப் போடலை. அதியமான்கோட்டை வழியா பஸ் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ரெண்டாவது வரியை வேகமா தாண்டிடறேன். முகத்தோட வெளிச்சம்னா என்ன? கண்ணுக்கு வெளிச்சம்னு ஒருத்தர், கடவுளோட இருப்பின் ஒளின்னு ஒருத்தர், வேதப் படிப்பின் ஒளின்னு ஒருத்தர். எனக்குப் பிடிச்சது ‘கருணை’க்கு சிஃப்ரே சொல்ற ஒரு விளக்கம்: மத்தவங்க கண்ணுல உனக்கு நல்ல இடம் கிடைக்கட்டும். கடவுள் உன்னை விரும்பறது மட்டும் போதாது, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் உன்னைப் பிடிக்கணும். வாடகை வீடு தேடி சாதி கேள்வியில் தட்டுப்பட்ட யாரும் இதைச் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டாங்க.

மூணாவது வரிதான் எனக்குச் சிக்கல்.

‘முகத்தை உயர்த்துறது’. எபிரேயத்தில் இதுக்கு ஒரு மரபுப் பொருள் உண்டு. ஒருத்தருக்குச் சலுகை காட்டறது, ஆள் பார்த்து விட்டுக்குடுக்கறது. தமிழில் நாம ‘முகம் குடுத்துப் பேசறது’ன்னு சொல்றோம் பாருங்க, அதுக்கும் ‘முகத்துக்காகச் செய்யறது’ன்னு சொல்றதுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு அது. அப்போ ரப்பிகளுக்குப் பிரச்சினை வந்துடுச்சு. ஏன்னா அதே வேதத்தில் உபாகமத்தில் கடவுள் யாருக்கும் முகத்தை உயர்த்த மாட்டார், லஞ்சம் வாங்க மாட்டார்னு இருக்கு. அப்போ எது உண்மை? ஆள் பார்ப்பாரா, மாட்டாரா?

தல்மூதில் இதுக்கு ரெண்டு இடத்துல பதில் வருது. முதல் பதில் கொஞ்சம் குறும்பானது. தேவதூதர்களே கடவுள்கிட்ட போய் இந்தக் கேள்வியைக் கேட்கிறாங்க. அவர் சொல்றார்: நான் எப்படி இவங்களுக்கு விட்டுக்குடுக்காம இருக்கறது? வயிறார சாப்பிட்டா நன்றி சொல்லுன்னுதான் நான் சட்டம் போட்டேன். இவங்க ஒரு ஆலிவ் காய் அளவு தின்னாலே நன்றி சொல்றாங்களே! அவங்க எனக்காகச் சட்டத்தைத் தாண்டிப் போனா, நானும் தாண்டறேன். அவ்வளவுதான் கணக்கு. இதைப் படிச்சதும் ஆயா களி உருண்டையை எடுக்கறதுக்கு முன்னாடி தட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறது ஞாபகம் வந்துச்சு. பாதி உருண்டைதான் இருக்கும், அதுக்கும் ஒத்திக்கும்.

ரெண்டாவது பதில்தான் என்னைப் பிடிச்சு உட்கார வெச்சது. புளூரியான்னு ஒரு பெண். யூதராப் பிறக்காம, மதம் மாறி உள்ள வந்தவங்க. அவங்க ரப்பான் கமாலியேல்கிட்ட போய், உங்க வேதத்துல ஒரு இடத்துல இப்படி இருக்கு, இன்னொரு இடத்துல அப்படி இருக்கே, என்ன இதுன்னு நேரா கேட்கிறாங்க. அங்க இருந்த யோசே என்கிற பூசாரி ஒரு உவமை சொல்றார். ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட கடன் வாங்கறான். ராஜா முன்னாடி, ராஜாவோட உயிர் மேல சத்தியம் பண்ணி, இந்தத் தேதிக்குள்ள தர்றேன்னு சொல்றான். தேதி வந்துச்சு, தரலை. ஓடிப்போய் ராஜா காலில் விழறான். ராஜா சொல்றார்: என் பேரைச் சொல்லிப் பொய் சத்தியம் பண்ணியே, அந்த அவமானத்தை நான் மன்னிச்சுட்டேன். நீ போய் கடன் குடுத்தவன்கிட்ட பேசு.

அதாவது, கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருக்கற தப்புல அவர் முகத்தை உயர்த்துவார். மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருக்கறதில் மாட்டார். அது அவர் கையில் இல்லை. பின்னாடி அகிவா வந்து இதுக்கு வேற விளக்கம் குடுத்தார், தீர்ப்புக்கு முன்னாடி, தீர்ப்புக்குப் பின்னாடின்னு பிரிச்சு. தல்மூத் அதையும் பதிவு பண்ணியிருக்கு. ஆனா எனக்கு யோசேயோட ராஜாதான் நிக்கிறார்.

இதை நான் முதல்ல எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லணும். ஏன்னா தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்.

போன வருஷம் ஆயா செத்துப் போச்சு. தொண்ணூறு தாண்டி, தூக்கத்துலயே. பதினாறாம் நாள் காரியத்துக்கு நான், மனைவி, பொண்ணு மூணு பேரும் போனோம். அவளுக்கு அந்த வீட்டு வாசலை மிதிச்சது அதுதான் முதல் தடவை. அப்பா என் பொண்ணைத் தூக்கினார். என்கிட்ட ‘பஸ்ஸா, கார்லயா’ன்னு கேட்டார். ஆறு வருஷத்துல அவர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி. என் மனைவி அவருக்கு எதிர்லதான் நின்னா. அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னாடி இருந்த சுவரைப் பார்த்துப் பேசினார். முகம் குடுக்கலை. அதைவிட அழகா எனக்குச் சொல்லத் தெரியலை.

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி தாண்டியும் நான் சந்தோஷத்தில் இருந்தேன். அப்பா பேசிட்டார்ல! யோசேயோட கதையை அவகிட்ட சொன்னேன். கடன்காரன் எங்க அப்பா, கடன் குடுத்தவன் நான், இப்போ அவர் என்கிட்ட வந்துட்டார், கணக்கு தீரப்போகுதுன்னு ஒரு லெக்சர். அவ ஓசூர் வரைக்கும் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டா: ‘கடன் குடுத்தவன் நீன்னு யார் சொன்னா?’

நான் முழிச்சேன். அவ சொன்னா: ‘உங்கப்பா புளியமரத்தடியில முதுகு காட்டி நின்னது உன்னைப் பார்த்தா? நீ அவருக்குப் பிள்ளை. உன்னை எப்போ வேணா சேர்த்துக்குவார். அவர் முதுகு காட்டினது எனக்கு, எங்க அம்மாவுக்கு, உள்ள உட்கார்ந்திருந்த எங்க ஜனத்துக்கு. நீ எப்படி எங்க கடனை வரவு வெச்சுக்குவ?’

அந்தக் கதையில் ராஜா நான்தான்னு அப்போதான் உறைச்சுது. நான் வேணும்னா என் பங்கு அவமானத்தை விட்டுக்குடுக்கலாம். மிச்சத்தில் எனக்கு அதிகாரமே இல்லை. அப்புறம் அவ இன்னொண்ணும் சொன்னா. ‘அந்தக் கேள்வியைக் கேட்டது வெளிய இருந்து உள்ள வந்த பொண்ணுன்னு சொன்னியே. அவளுக்குத்தான் அந்த முரண்பாடு கண்ணுல படும்.’ நான் இத்தனை தடவை படிச்சும் எனக்கு அது தோணலை.

இப்போ தலைப்புல இருக்கற கேள்வி. நல்லா இருன்னு சொல்ல யாருக்கு உரிமை? கை சுத்தமா இல்லாதவன் ஆசீர்வாதம் பண்ணலாமா?

இதுலயும் ரப்பிகள் ரெண்டு பக்கமும் பேசியிருக்காங்க. எருசலேம் தல்மூதில் ஒரு இடம்: இவன் ஒழுக்கம் கெட்டவன், கொலைகாரன், இவனா எனக்கு ஆசி சொல்றதுன்னு கேட்காதே. ஆசீர்வதிக்கிறது அவனா, நானான்னு கடவுள் கேட்கிறார். பூசாரி வெறும் குழாய். தண்ணி வேற இடத்துல இருந்து வருது. குழாய் துருப்பிடிச்சிருக்கான்னு பார்க்காதே. ஆனா பாபிலோன் தல்மூதில் யோஹனான் சொல்றார்: ஆளைக் கொன்ன பூசாரி கையைத் தூக்கக் கூடாது. ரத்தம் படிஞ்ச கை ஆசிக்கு ஆகாது. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் சட்டத்தை ஒழுங்கா எழுதும்போது ரெண்டையுமே பக்கத்துப் பக்கத்துல வெச்சுட்டார். கொலைகாரன் கையைத் தூக்கக் கூடாது. மத்தபடி, இவன் சரியில்லையேன்னு நீ சந்தேகப்படாதே.

இஸ்மவேலும் அகிவாவும்கூட இதில் ஒரு சின்னச் சண்டை போடறாங்க. ஆசீர்வாதம் முடிஞ்சதும் வேதத்தில் ‘நான் அவர்களை ஆசீர்வதிப்பேன்’ என்கிற பொருளில் கடவுள் சொல்ற மாதிரி ஒரு வரி வருது. யார் அந்த ‘அவர்கள்’? வாழ்த்து சொன்ன பூசாரிகளுக்குக் கடவுள் தர்ற ஆசின்னு இஸ்மவேல். இல்லை, பூசாரி சொன்னதுக்கு மக்கள் விஷயத்தில் கடவுள் போடற கையெழுத்துன்னு அகிவா. இஸ்மவேல் பக்கம் போனா, நல்லா இருன்னு சொன்னவனுக்கும் ஏதோ கிடைக்குது. வாய் திறக்காதவனுக்கு அது போச்சு.

இன்னொரு நிபந்தனையும் இருக்கு. கோஹேன்கள் கையைத் தூக்கறதுக்கு முன்னாடி சொல்ற வாசகத்தில் ‘அன்போடு’ ஆசீர்வதிக்கக் கட்டளை வாங்கினோம்னு ஒரு சொல் உண்டு. 13-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வெளிவந்த ஸோஹர் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்குது. மக்கள் மேல அன்பில்லாத பூசாரி, மக்களுக்குப் பிடிக்காத பூசாரி, ரெண்டு பேரும் கையைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லுது.

கையைப் பத்திச் சொன்னதும் ஞாபகம் வருது. ‘ஸ்டார் ட்ரெக்’ பார்த்தவங்களுக்கு ஸ்பாக்கோட சல்யூட் தெரியும். நாலு விரலை ரெண்டு ரெண்டாப் பிரிச்சுக் காட்டுவார். அது கோஹேன்களோட கை. நடிச்ச லியோனார்ட் நிமோய் பாஸ்டன் யூதர். சின்ன வயசில் ஜெபக்கூடத்துல, பூசாரிங்க கை தூக்கும்போது பார்க்கக் கூடாதுன்னு சொல்லியும் எட்டிப் பார்த்தவர். 1967-ல் ஷூட்டிங்ல ஒரு வணக்கம் வேணும்னப்போ அதைப் போட்டுட்டார். பார்க்கக் கூடாதுன்னு ஏன் சொல்றாங்க? பார்த்தா கண்ணு மங்கும்னு தல்மூதில் இருக்கு. அதனால பல ஊர்களில் அப்பாக்கள் தங்களோட சால்வைக்குள்ள பிள்ளைகளை இழுத்து மூடிக்குவாங்க. ஆசீர்வாதம் முடியற வரைக்கும் அந்தத் துணிக்குள்ள அப்பாவோட வாசனைதான். வெள்ளிக்கிழமை சாயந்திரமும் வீட்டுல அப்பா அம்மா பிள்ளைங்க தலையில் கை வெச்சு இதே மூணு வரியைச் சொல்றது வழக்கம். அதுக்குப் பூசாரி வம்சம் தேவையில்லை.

இதெல்லாம் நம்ம பக்கம் எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி. யூதர்கள் மெட்ராஸுக்கு வியாபாரத்துக்கு வந்தவங்க. பவளக்காரத் தெருன்னு ஒரு பேரும், லாயிட்ஸ் ரோடு பக்கம் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டமும் மிச்சம். ஆனா இந்த ஆசீர்வாதம் தமிழுக்கு வந்த வழி அது இல்லை. 1523-ல் மார்ட்டின் லூத்தர், ஆராதனையை இந்த மூணு வரியில் முடிக்கலாம்னு எழுதினார். லூத்தர் வழியில் வந்த சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1719-ல் சாகறதுக்குள்ள பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும் தமிழாக்கிட்டார். எண்ணாகமம் அதுக்குள்ள அடக்கம். அப்படி வந்து, எங்க ஊர் சின்ன சர்ச் வரைக்கும் வந்து, என் ஆயா காதுல விழுந்துச்சு.

கடைசிச் சொல் ஷாலோம். சமாதானம். மிஷ்னா என்கிற சட்டத் தொகுப்பு முடியற இடத்துல ஷிமோன் பென் ஹலஃப்தா சொல்றது: ஆசீர்வாதத்தைப் பிடிச்சு வைக்க சமாதானத்தை விட்டா வேற பாத்திரம் கிடைக்கலை. மூணு வரியும் ஏன் அதில் போய் முடியுதுன்னு ரப்பிகள் தர்ற காரணம் இதுதான். குடுத்ததும் காத்ததும் ஒழுகிப் போகாம இருக்க ஒரு ஏனம் வேணும்.

சரி, கதைக்கு வர்றேன். போன மாசம் அப்பா போன் பண்ணினார். பொண்ணுக்கு அடிக்கடி காய்ச்சல் வருதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ‘புள்ளைக்கு ஒரு தாயத்து வாங்கி வெச்சிருக்கேன். வெள்ளி. எப்போ கூட்டிட்டு வர்ற?’ன்னார். நான் போனைக் கையால் பொத்திக்கிட்டு இவளைப் பார்த்தேன். நாம பேசின எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கு. எனக்கும் இருக்கு.

அவ சொன்னா: ‘கட்டட்டும். வேண்டாம்னு சொல்லலை. ஆனா போனை என்கிட்ட குடுன்னு சொல்லச் சொல்லு. எப்போ வர்றேன்னு என்கிட்ட கேட்கட்டும்.’

நான் அதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னாடி டிவி ஓடற சத்தம் மட்டும். அப்புறம் ‘அப்புறமா பேசறேன்’னு வெச்சுட்டார்.

அதனாலதான் இந்த வாரம் நான் தருமபுரில இருக்கேன். நேத்து ராத்திரி வந்தோம், மூணு பேரும். இது என் மச்சான் வாடகைக்கு இருக்கற வீடு, அப்பா வீடு இல்லை. அப்பா வீடு இங்க இருந்து எட்டு கிலோமீட்டர். நாங்க வந்திருக்கிறது அவருக்குத் தெரியும். போன் டேபிள் மேல இருக்கு, என்னோடது இல்லை, அவளோடது. நம்பரை நேத்தே அவருக்கு அனுப்பிட்டேன்.

கீழ டீ போட்டாச்சுன்னு கூப்பிடறாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.